மடித்து வைத்தால் மறந்துபோகுமா?

விண்கல உறுப்புகளும் நெடுங்காலச் சேமிப்பும்

போர் இல்லாத நாளில் வில்லின் நாணைக் கழற்றி வைப்பது வில்வீரரின் பழைய வழக்கம். நாண் பூட்டியபடியே நெடுநாள் கிடந்த வில், வளைந்த வளைவுக்கே பழகிவிடும். எய்யும்போது அம்பு பழைய விசையோடு பாயாது. நெடுநாள் சுருட்டி வைத்த பாயை விரித்தால் அதன் ஓரம் மறுபடியும் சுருண்டு எழுவதையும் எல்லாரும் கண்டிருப்பர். வீட்டிலும் போர்க்களத்திலும் அறிந்த இந்த எளிய உண்மை, இன்று விண்கலம் கட்டும் பொறியியலாரின் பெருங்கவலைகளுள் ஒன்றாக இருக்கிறது.

பாய் சுருண்டால் அதன் ஓரத்தில் ஒரு கனமான பொருளை வைத்து நிமிர்த்திவிடலாம். கோடிக்கணக்கான கிலோமீட்டருக்கு அப்பால், செவ்வாய்க் கோளைச் சுற்றிவரும் ஒரு கலத்தின் உறுப்பு சரியாக நிமிரவில்லை என்றால், அதைத் தொட்டு நிமிர்த்த அங்கே யார் இருக்கிறார்கள்? ஆகவே, மடித்து வைத்த ஓர் உறுப்பு பல மாதங்களோ பல ஆண்டுகளோ கழித்து விரியும் நாளில் எத்தனை வலிமையோடு இருக்கும் என்பதை, அது தரையை விட்டுப் புறப்படும் முன்னரே கணக்கிட்டு அறிய வேண்டியிருக்கிறது.

மடிப்பதன் தேவை

விண்கலத்துக்கு நீண்ட கைகளும் அகன்ற பரப்புகளும் வேண்டும். சூரிய ஒளியிலிருந்து மின்சாரம் எடுக்கப் பெரிய பலகைகள் வேண்டும். தொலைதூரத்துச் செய்திகளை வாங்கவும் விடுக்கவும் பெரிய ஏற்பிகள் வேண்டும். ஆனால் கலத்தை ஏற்றிச் செல்லும் ராக்கெட்டின் முனைக்கூடு, பெரும்பாலானவற்றில் ஏறக்குறைய ஐந்து மீட்டர் அகலத்துக்குள் அடங்கிவிடுகிறது. எனவே பெரிய உறுப்புகளைக் குடைபோல் மடித்தோ, பாய்போல் சுருட்டியோ ஏற்றி, விண்வெளியை அடைந்தபின் விரிக்க வேண்டும்.

விரிப்பதற்கு இரண்டு வழிகள் உள்ளன. ஒன்று, மோட்டார் வைத்து இழுத்தோ தள்ளியோ விரிப்பது. மற்றொன்று, உறுப்பையே வில்லாகச் செய்துவிடுவது. மடிக்கும்போது மனிதர் செலவிடும் உழைப்பு அந்த உறுப்புக்குள்ளேயே மீள்விசையாகத் தங்குகிறது. கட்டை அவிழ்த்ததும் அது தானே துள்ளி நிமிர்கிறது. தச்சர் பயன்படுத்தும் எஃகு அளவுநாடா இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. குறுக்கே சற்றுக் குழிந்த அந்த நாடா, சுருட்டினால் தட்டையாகிப் பெட்டிக்குள் அடங்கும். விட்டால் குழிந்த வடிவத்தை மீண்டும் பெற்று விறைத்து நிற்கும். 1962ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் ஏவப்பெற்ற கனடா நாட்டின் அலுவெட் 1 என்னும் துணைக்கோள், இவ்வாறு சுருட்டி வைத்த உலோக நாடாக்களையே குழாய்போல் நீட்டி ஏற்பிகளாகப் பயன்படுத்தியது. ஒரு முனையிலிருந்து மறு முனைவரை அவற்றுள் நீண்டது ஏறக்குறைய 45 மீட்டர்.

பிற்காலத்தில் உலோகத்தின் இடத்துக்குக் கூட்டுப்பொருள்கள் வந்தன. கரி இழை, கண்ணாடி இழை, கெவ்லார் இழை ஆகியவற்றை எபாக்சி போன்ற பிசினில் தோய்த்து இறுக்கிச் செய்யும் பொருள்கள் இவை. எஃகு தண்ணீரைப்போல் ஏறக்குறைய எட்டு மடங்கு கனமானது. கரி இழைக் கூட்டுப்பொருள் ஒன்றரை மடங்கைச் சற்றே தாண்டும். வெயிலிலும் நிழலிலும் அது விரிவதும் சுருங்குவதும் மிகக் குறைவு. 2000ஆம் ஆண்டு சூன் 30ஆம் நாள் அமெரிக்கா ஏவிய டி.டி.ஆர்.எஸ்.-எச் என்னும் செய்தித் துணைக்கோளில் ஏறக்குறைய 4.6 மீட்டர் விட்டமுள்ள இரண்டு ஏற்பிகள் இருந்தன. கரி இழையால் ஆன மெல்லிய ஓடுகளான அவற்றின் ஓரங்களை உள்நோக்கி வளைத்துக் கட்டி ஏற்றினர். கட்டு அவிழ்ந்ததும் அவை தாமே கிண்ண வடிவம் பெற்றன. 2021ஆம் ஆண்டு சூனில் அனைத்துலக விண்வெளி நிலையத்தில் பொருத்திய ஏறக்குறைய 18 மீட்டர் நீளச் சூரியப் பலகைகளும் இத்தகையனவே. அவற்றின் இரு ஓரங்களிலும் உள்ள கூட்டுப்பொருள் குழாய்கள், சுருட்டும்போது தட்டையாகித் தம்முள் தேக்கிய விசையாலேயே பலகையை உருட்டி விரித்தன. தள்ளுவதற்கு மோட்டார் தேவைப்படவில்லை.

இழையும் பிசினும்

கூட்டுப்பொருளில் இழை ஒரு குணம், பிசின் மற்றொரு குணம். கரி இழையை வளைத்து வைத்தால் அது ஆண்டுக்கணக்கிலும் ஏறக்குறைய அதே விசையோடு எதிர்த்து நிற்கும். பிசின் அப்படிப்பட்டதன்று. அது நீண்ட மூலக்கூறுகள் ஒன்றோடொன்று பின்னிக்கொண்ட பொருள். விரைவாக அழுத்தினால் திடப்பொருள்போல் எதிர்க்கும். நெடுநேரம் அழுத்திவைத்தால் மூலக்கூறுகள் மெல்ல மெல்ல இடம் மாறி அழுத்தத்துக்கு இணங்கிக் கொடுக்கும். மீள்தன்மையும் பாகுத்தன்மையும் ஒரே பொருளில் கலந்திருப்பதால் இதைப் பாகு மீள்தன்மை என்று சொல்லலாம்.

மடிப்பு எத்தனை கடுமையானது என்பதை ஓர் எளிய கணக்கால் அறியலாம். ஒரு தகட்டை வளைக்கும்போது அதன் வெளிப்புறம் நீள்கிறது, உட்புறம் குறுகுகிறது. அந்த நீட்சியின் அளவு, தகட்டுத் தடிப்பில் பாதியை வளைவின் ஆரத்தால் வகுத்தால் கிடைக்கும். 0.2 மில்லிமீட்டர் தடிப்புள்ள தகட்டை 10 மில்லிமீட்டர் ஆரமுள்ள உருளையில் சுருட்டுவதாகக் கொண்டால், 0.1ஐ 10ஆல் வகுக்க நூற்றில் ஒரு பங்கு வரும். அஃதாவது வெளிப்புறம் ஒரு விழுக்காடு நீண்டு நிற்கிறது. கரி இழைகள் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு விழுக்காட்டு நீட்சியில் அறுந்துவிடும். எனவே மடித்த உறுப்பு தன் எல்லைக்கு வெகு அருகில் நிறுத்தப்பட்டிருக்கிறது. அந்நிலையில் ஒரு நாள் அன்று, பல மாதங்கள் அது காத்திருக்க வேண்டும்.

இழைகள் எல்லாம் வளைவின் திசையிலேயே நேராக ஓடினால் சுமையின் பெரும்பகுதியை அவையே தாங்கும். பிசினின் தளர்ச்சி அவ்வளவாக வெளியே தெரியாது. ஆனால் மெல்லிய குழாய்கள் உடையாமல் தட்டையாக வேண்டுமானால் இழைகளைச் சாய்வாகவும் நெய்ய வேண்டும். சாய்ந்த இழைகளுக்கு இடையே பிசின் நழுவலைத் தாங்குகிறது. எளிதில் மடங்குவதற்காகச் செய்த அமைப்பே, நெடுநாளில் விசை குறைவதற்கும் வழி திறந்துவிடுகிறது.

பட்டு நூல் கற்பித்த பாடம்

இந்தக் குணத்தை முதலில் நுணுகிக் கண்டவர்களுள் ஒருவர் செருமானிய அறிஞர் வில்லெம் வெபர். காந்தத்தை அளக்கும் கருவிகளில் காந்தத் துண்டுகளைப் பட்டு நூலில் தொங்கவிடுவது அக்காலத்து முறை. பாரம் ஏற்றியதும் நூல் உடனே ஓரளவு நீள்வதையும், பின்னர் நெடுநேரம் சிறிது சிறிதாக நீண்டுகொண்டே போவதையும் அவர் கண்டார். பாரத்தை எடுத்ததும் நூல் உடனே ஓரளவு சுருங்கியது. எஞ்சிய நீட்சியும் காலப்போக்கில் மெல்ல மறைந்தது. 1835ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட இச்செய்தி, பின்னால் வந்தோருக்கு வழி காட்டியது. 1867இல் மாக்சுவெல், பொருளின் உள்விசை தளர்வதற்கு ஆகும் காலத்தை ஓர் அளவாகவே கொண்டு கணக்கிட்டார். 1874இல் போல்ட்சுமன், ஒரு பொருளின் இன்றைய நிலை இன்று அதன்மேல் உள்ள பாரத்தை மட்டும் பொறுத்ததன்று, அது முன்பு பட்ட பாரங்கள் அனைத்தையும் பொறுத்தது என்று காட்டினார். பொருளுக்கும் ஒருவகை நினைவு உண்டு என்பதே இதன் கருத்து.

இங்கே இரண்டு சொற்களை வேறுபடுத்தி அறிதல் நன்று. பாரத்தை மாற்றாமல் வைத்திருக்க, உருவம் மெல்ல மாறிக்கொண்டே போனால் அது ஊர்வு. வெபரின் பட்டு நூலில் நிகழ்ந்தது அதுவே. உருவத்தை மாற்றாமல் கட்டிவைத்திருக்க, உள்ளிருக்கும் விசை மெல்லக் குறைந்துகொண்டே போனால் அது தளர்ச்சி. பெட்டிக்குள் மடித்துப் பூட்டிய விண்கல உறுப்பில் நிகழ்வது இந்தத் தளர்ச்சியே. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஒரு மாற்றமும் தெரியாது. மடிப்பு மடிப்பாகவே இருக்கும். ஆனால் நிமிர்வதற்காகத் தேக்கி வைத்த விசையில் ஒரு பங்கு உள்ளே கரைந்துகொண்டிருக்கும்.

இதனால் விளையும் தீங்குகள் மூன்று. முதலாவது, விரியத் தொடங்கும் விசை குறைந்து, உராய்வையும் மின்கம்பிகளின் விறைப்பையும் வெல்ல முடியாமல் போகலாம். இரண்டாவது, விரிந்தாலும் மந்தமாக விரிந்து, இறுதியில் பூட்டிக்கொள்ள வேண்டிய மூட்டுகள் பூட்டிக்கொள்ளாமல் நிற்கலாம். மூன்றாவது, பூட்டிக்கொண்ட பின்னும் சிறிதளவு வளைவு எஞ்சி நிற்கலாம். கொடிக்கம்பத்துக்கு அந்த வளைவு பெரிதன்று. துல்லியமான கிண்ண வடிவம் வேண்டிய ஏற்பிக்கு அது பெருங்குறை.

எஞ்சிய வளைவிலும் வகையுண்டு. மூலக்கூறுகள் இணங்கிக் கொடுத்ததால் வந்த வளைவு, விட்டுவிட்டால் காலப்போக்கில் பெரும்பாலும் மறையும். பிசினில் நுண்ணிய வெடிப்புகள் விழுந்ததாலோ இழைகள் அறுந்ததாலோ வந்த குறை மறையாது. பொறியியலார் இவ்விரண்டையும் பிரித்தறிய வேண்டும். காத்திருந்தால் சரியாகும் குறையையும், காத்திருந்தும் பயனில்லாத குறையையும் ஒன்றாக எண்ணினால் முடிவு தவறிப்போகும்.

காலத்துக்கு ஈடான வெப்பம்

ஐந்தாண்டு மடித்து வைத்தால் என்ன ஆகும் என்பதை அறிய ஐந்தாண்டு காத்திருக்கத்தான் வேண்டுமா? வேண்டியதில்லை என்று காட்டியது வெப்பத்துக்கும் காலத்துக்கும் உள்ள உறவு. வெப்பம் ஏறினால் மூலக்கூறுகளின் அசைவு விரைவாகும். குளிர்ந்தால் அது மந்தமாகும். ஆகவே குளிரில் ஓராண்டில் நிகழும் தளர்ச்சி, வெப்பத்தில் சில நாளிலேயே நிகழ்ந்துவிடும். 1955ஆம் ஆண்டில் வில்லியம்சு, லேண்டல், பெர்ரி என்னும் மூவர், நெடுமூலக்கூற்றுப் பொருள்கள் கண்ணாடிபோல் இறுகும் நிலையைத் தாண்டிய வெப்பநிலைகளில் இந்த உறவு எப்படி அமைகிறது என்பதை ஒரு சமன்பாடாக எழுதினர். இறுகிய நிலையில் உள்ள பிசினுக்கு அந்த உறவைச் சோதனை வாயிலாகவே கண்டுகொள்கின்றனர்.

இதைப் பயன்படுத்தும் முறை எளியது. ஒரு பிசினில் வெப்பத்தைக் குறிப்பிட்ட அளவு உயர்த்தினால் தளர்ச்சி நூறு மடங்கு விரைவாகிறது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் 1,000 நாள் சேமிப்பின் விளைவை அந்த வெப்பத்தில் 10 நாளில் கண்டுவிடலாம். ஆய்வுக்கூடங்களில் சிறிய மாதிரித் துண்டுகளை மடித்துச் சூடான பெட்டியில் வைத்து, பின்னர் எடுத்து, அவற்றின் எஞ்சிய விசையையும் அவை நிமிரும் வேகத்தையும் அளக்கின்றனர். அமெரிக்காவின் கலிபோர்னியாத் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் செர்சியோ பெலிகிரீனோவும் அவருடன் ஆய்வு செய்தோரும், மடித்து வைத்த நாடா விற்கள் சேமிப்புக்குப்பின் எவ்வாறு விரிகின்றன என்பதைக் கணக்காலும் சோதனையாலும் ஆராய்ந்துள்ளனர்.

ஆயினும் இம்முறைக்கு ஓர் எல்லை உண்டு. மிகுதியாகச் சூடேற்றினால் பிசின் மேலும் இறுகக்கூடும். அதிலுள்ள ஈரமும் வெளியேறும். காற்றின் ஈரத்தைப் பிசின் ஓரளவு உறிஞ்சிக்கொள்ளும் என்பதும், ஈரமேறிய பிசின் விரைவில் தளரும் என்பதும் முன்பே அறிந்தவை. அன்றியும், பிசின் தன் இயல்பிலேயே வயது ஏற ஏற மெல்ல இறுகி, தளரும் வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. எனவே பத்து நாள் சூட்டில் கிடந்த துண்டும், பல ஆண்டு கிடங்கில் கிடந்த துண்டும் எல்லா வகையிலும் ஒன்றாகிவிடா. வெப்பச் சோதனை காலத்துக்கு ஈடாக நின்றாலும், காலம் செய்யும் வேலை முழுவதையும் அது செய்துவிடுவதில்லை.

செவ்வாயைச் சுற்றிய கலம்

இவை வெறும் ஏட்டுக் கணக்குகள் அல்ல என்பதற்கு ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் மார்சு எக்சுபிரசு கலம் சான்று. 2003ஆம் ஆண்டு சூன் 2ஆம் நாள் பைக்கனூரிலிருந்து புறப்பட்ட இக்கலம், அவ்வாண்டு திசம்பரில் செவ்வாயை அடைந்தது. அதில் மார்சிசு என்னும் ரேடார் கருவி இருந்தது. செவ்வாயின் நிலத்துக்கு அடியில் பல கிலோமீட்டர் ஆழம்வரை வானொலி அலைகளைச் செலுத்தி, நீரும் பனிக்கட்டியும் உள்ளனவா என்று அறிவது அதன் வேலை. அதற்கு 20 மீட்டர் நீளமுள்ள இரண்டு கைகளும் 7 மீட்டர் நீளமுள்ள ஒரு கையும் தேவைப்பட்டன. கண்ணாடி இழையும் கெவ்லாரும் சேர்ந்த மெல்லிய குழாய்களாக அவற்றைச் செய்து, துருத்தியின் மடிப்புகள்போல் மடித்துப் பெட்டியில் அடக்கியிருந்தனர்.

2004ஆம் ஆண்டு ஏப்ரலில் அவற்றை விரிப்பது முதல் திட்டம். ஆனால் துள்ளி எழும் கை பின்னோக்கி வீசிக் கலத்தையே தாக்கக்கூடும் என்று புதிய கணக்குகள் எச்சரித்தன. அந்த அச்சத்தை ஆராய்ந்து தீர்க்கவே ஓராண்டுக்கு மேல் ஆகிவிட்டது. அதுவரையில் கைகள் மூன்றும் விண்வெளிக் குளிரில் மடிந்தே கிடந்தன.

2005ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் முதற் கையை விரிக்கத் தொடங்கினர். 13 துண்டுகளில் 12 துண்டுகள் நிமிர்ந்து பூட்டிக்கொண்டன. ஒன்று மட்டும், பெரும்பாலும் பத்தாவது துண்டு, விரிந்தும் பூட்டிக்கொள்ளவில்லை. நீண்ட காலம் விண்வெளிக் குளிரில் கிடந்தது கண்ணாடி இழையையும் கெவ்லாரையும் பாதித்திருக்கிறது என்று பொறியியலார் முடிவுக்கு வந்தனர்.

செருமனியின் தாம்சுடாட் நகரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்திலிருந்து அவர்கள் செய்த மருத்துவம் மிக எளியது. கலத்தைத் திருப்பி, கையின் குளிர்ந்த பக்கத்தை வெயிலில் காட்டினர். சூடேறிய பக்கம் விரிந்து, பூட்டாத துண்டைத் தன் இடத்துக்குத் தள்ளும் என்பது அவர்கள் எதிர்பார்ப்பு. மே 10ஆம் நாள் ஏறக்குறைய ஒரு மணி நேரம் கலம் வெயில் காய்ந்தது. மறுநாள் வந்த செய்தி, கை முழுவதும் நேராகிப் பூட்டிக்கொண்டதை உறுதிப்படுத்தியது. இந்தப் பாடத்தைக் கொண்டே இரண்டாவது கையை விரிக்கும்போது கலத்தை மெல்லச் சுழற்றி, மூட்டுகள் அனைத்தும் வெயில் படுமாறு செய்தனர். சூன் 14ஆம் நாள் அதுவும், 17ஆம் நாள் மூன்றாவதும் குறையின்றி விரிந்தன.

அன்று அந்த ஒரு துண்டு பூட்டிக்கொள்ளாமலே நின்றிருந்தால், மற்ற இரண்டு கைகளை விரிப்பதும் ரேடாரைப் பயன்படுத்துவதும் பெரும் ஐயத்துக்கு உள்ளாகியிருக்கும். கைகள் விரிந்த பின்னர் அந்த ரேடார் செவ்வாயின் துருவப் பனியை ஊடுருவி ஆராய்ந்தது. தென்துருவப் பனிக்கு அடியில் ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், 20 கிலோமீட்டர் அகலத்தில் நீர் இருக்கலாம் என்று 2018ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு இதன் அளவீடுகளிலிருந்து பிறந்ததே. அது நீர்தானா, வேறு பொருளா என்பது குறித்து அறிஞரிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அந்த வாதம் எழுவதற்கே நிமிர்ந்து நின்ற மூன்று கைகள் தேவைப்பட்டன.

கிடங்கில் கிடந்த குடை

நெடுங்காலச் சேமிப்பின் தீங்கு பிசினோடு நின்றுவிடுவதன்று. வியாழனுக்குச் சென்ற அமெரிக்காவின் கலிலியோ கலத்தை 1986ஆம் ஆண்டில் ஏவ எண்ணியிருந்தனர். அவ்வாண்டு சனவரியில் சேலஞ்சர் விண்ணோடம் வெடித்ததால் பயணம் தள்ளிப்போய், 1989ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள்தான் அது புறப்பட்டது. அதன் பெரிய ஏற்பி, 18 விலா எலும்புகள் கொண்ட குடை போன்றது, 4.8 மீட்டர் விட்டம் உடையது. 1991ஆம் ஆண்டு ஏப்ரலில் மோட்டாரை இயக்கியபோது அந்தக் குடை முழுவதும் விரியவில்லை. சில விலாக்கள் நடுத்தண்டோடு ஒட்டிக்கொண்டன.

இங்கே பழுது விலாக்களின் தளர்ச்சியால் வந்ததன்று. விலாக்களைத் தாங்கிய முளைகளில் பூசியிருந்த உலர்ந்த உயவுப்பூச்சு, கலிபோர்னியாவுக்கும் புளோரிடாவுக்கும் இடையே லாரியில் சென்ற நெடும்பயணங்களின் அதிர்வால் தேய்ந்துபோனதே காரணம் என்று ஆய்ந்தோர் கருதினர். வினாடிக்கு 134,000 துணுக்குகள் வீதம் செய்தி அனுப்ப வேண்டிய கலம், சிறிய ஏற்பியைக்கொண்டு மிக மெதுவாகவே அனுப்ப வேண்டியதாயிற்று. சேமித்து வைத்த காலம் எதுவும் நிகழாத காலமன்று என்பதை இந்தக் குடையும் வேறொரு வகையில் காட்டிற்று.

காக்கும் வழிகள்

இவற்றையெல்லாம் கருதிப் பொறியியலார் சில நெறிகளைக் கைக்கொள்கின்றனர். முதலாவது, மடிப்பின் வளைவை இயன்றவரை பெரிதாக்குவது. ஆரம் இரட்டித்தால் நீட்சி பாதியாகும். ஆனால் பெட்டியும் பெரிதாகும். இடத்துக்கும் பாதுகாப்புக்கும் இடையே உடன்பாடு காண வேண்டும். இரண்டாவது, மடித்து வைக்கும் காலத்தைக் குறைப்பது. உறுப்பைத் தனியே நேராக வைத்திருந்து, ஏவும் நாளை ஒட்டி மடிப்பது. மூன்றாவது, கிடங்கை வறட்சியாகவும் குளிர்ச்சியாகவும் வைப்பது. நான்காவது, விரிக்கும் விசையைக் கணக்கிடும்போது மடித்த அன்றுள்ள விசையைக் கொள்ளாமல், சேமிப்பின் கடைசி நாளில் எஞ்சக்கூடிய விசையைக் கொள்வது. அதுவும் தடைகளை வென்று மிகுதியாக நிற்க வேண்டும். ஐந்தாவது, விரியும் நேரத்தில் உறுப்பைச் சூடாக வைப்பது.

மூன்றாவதும் ஐந்தாவதும் ஒன்றுக்கொன்று முரணாகத் தோன்றலாம். உண்மையில் இரண்டும் ஒரே விதியின் இரு பக்கங்கள். மடிந்திருக்கும்போது மூலக்கூறுகள் அசைவது தீங்கு. ஆகவே குளிர் நல்லது. விரியும்போது அவை அசைந்து பழைய இடத்துக்குத் திரும்புவது நன்மை. ஆகவே வெப்பம் நல்லது. விசையைத் திருடிச் செல்லும் வெப்பமே, உரிய நேரத்தில் வந்தால், திருடியதில் பெரும்பங்கைத் திருப்பித் தருகிறது. குளிரில் காத்து வெயிலில் விரி என்று இதைச் சுருக்கிச் சொல்லலாம்.

துணைக்கோள்களை முன்கூட்டியே செய்து கிடங்கில் வைத்திருந்து, தேவையானபோது ஏவும் முறை பெருகி வருகிறது. பல சிறிய கலங்கள் மற்றொரு கலத்தோடு சேர்ந்து செல்வதால், புறப்படும் நாளைத் தம் விருப்பப்படி வகுத்துக்கொள்ள இயலாமல் மடிந்த உறுப்புகளோடு காத்திருக்கின்றன. ஆகவே ஓர் உறுப்பு எவ்வளவு வலியது என்று கேட்பது போதாது. எத்தனை நாள், எந்த வெப்பத்தில், எந்த வளைவில் காத்திருந்தபின் அது எவ்வளவு வலியது என்று கேட்க வேண்டும். செய்த நாளின் வலிமையைச் சான்றிதழில் எழுதிவிடலாம். கலத்துக்கு உதவுவது விரியும் நாளில் எஞ்சி நிற்கும் வலிமையே.